விதைநெல்லைப் பூட்டி வைக்கலாமா?

(‘பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் மாணவர்கள் ஆடிய ஆட்டம் வீண்பொழுதா? விதைநெல்லா?’ என்ற தலைப்பில், ‘விதைநெல்லே’ என்ற அணியில் நின்று பேசியது.)

அறிவார்ந்த நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் இடிபோல முழங்கிவிட்டு, இப்போது ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே! என் அணித் தோழர்களே! திரண்டு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் தூணில் சாய்ந்து நிற்கிற தம்பிகளே, தங்கைகளே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டுறார். அம்மா முறுக்கு சுட்டு டப்பாவிலே அடைச்சு அனுப்புறாங்க. பிள்ளை என்ன பண்றான்? காலேஜ் நெட்வொர்க்கிலே ராத்திரி ரெண்டு மணிக்கு விளையாடிக்கிட்டிருக்கான்!” என்றார். ரொம்ப உருக்கமாகச் சொன்னார். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த அவங்க பையன், கையில் இருந்த போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். (சிரிப்பு)

அந்த அம்மாவின் கவலை நியாயமானது, ஐயா. அதை நான் கேலி செய்ய வரவில்லை. கடைசியில் அவங்களுக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். ஆனால் அதற்கு முன்னால், இந்தப் பூட்டும் சாவியும் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துவிடுவோம். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் விளையாடக் கூடாது என்ற சட்டம் இன்றைக்கு நேற்றைக்குப் போட்டது இல்லை. கம்ப்யூட்டர் என்று ஒன்று பல்கலைக்கழகத்துக்குள் எப்போது நுழைந்ததோ, அப்போதே பூட்டும் வந்தது. பூட்டு வந்த மறுநாளே சாவி தேடுகிற பையனும் வந்துவிட்டான்.

1961-ஆம் வருஷம். எம்.ஐ.டி.

நடுவர்: எது, நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி.யா?

இல்லை ஐயா, இது அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. (சிரிப்பு)

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் என்றால் கோயில் கருவறை மாதிரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம். இந்தப் பக்கம் பக்தர்கள். துளை போட்ட அட்டைகளை அர்ச்சனைத் தட்டு மாதிரி ஜன்னலில் நீட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவர் வாங்கிக்கொண்டு போவார். பிரசாதம் எப்போது வரும்? நாளைக்கு வரும். அதிலும் ஒரு கமா தப்பாக இருந்தால், “தப்பு” என்று ஒரே ஒரு வரிதான் பிரசாதம். மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி, பி.டி.பி.-1 என்ற ஒரு கம்ப்யூட்டரை இனாமாகக் கொடுத்தது. விலை என்ன தெரியுமா? சுமார் 1,20,000 டாலர். நாலு பீரோவை வரிசையாக நிறுத்தின அளவு. ஆனால் அதற்கு ஒரு திரை இருந்தது. நேராக எதிரில் உட்கார்ந்து வேலை செய்யலாம். அட்டையும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம்.

பகலில் ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மாணவர்களுக்கு? யாரும் கேட்காத நேரம், அதாவது ராத்திரி. பொறுப்பில் இருந்தவர் ஜாக் டென்னிஸ் என்ற ஆசிரியர். எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் விடுகிற ஒரு மாணவர் சங்கம் உண்டு. டென்னிஸ் அந்தச் சங்கத்தின் பழைய உறுப்பினர். ஆகவே பையன்களின் அரிப்பு அவருக்குத் தெரியும். “மத்தவங்க வேலைக்கு இடைஞ்சல் இல்லாம இருந்தா சரி” என்று விட்டுவிட்டார்.

அந்தப் பையன்களில் ஒருவர் ஸ்டீவ் ரஸ்ஸல். இரண்டு விண்வெளிக் கப்பல்கள் ஒன்றை ஒன்று சுடுகிற ஒரு ஆட்டம் எழுதலாம் என்று பேச்சு வந்தது. ரஸ்ஸல் என்ன செய்தார்? நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே தள்ளிப் போட்டார். “கப்பலைச் சுத்த விடணும்னா சைன், கோசைன் கணக்குக்கு ஒரு புரோகிராம் வேணும். அது என்கிட்டே இல்லையே” என்றார். ஆலன் கோட்டாக் என்ற நண்பர் பேசாமல் போய், அந்தக் கம்பெனியிடமே கேட்டு அந்த சைன், கோசைன் நாடாவை வாங்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். “இந்தா இருக்கு. இனி என்ன சாக்கு சொல்லப் போறே?” என்கிற மாதிரி. (கைதட்டல்)

சாக்கு தீர்ந்தது. 1962-ல் ‘ஸ்பேஸ்வார்’ பிறந்தது. பீட்டர் சாம்சன் என்ற மாணவர், “உன் வானத்திலே நட்சத்திரமெல்லாம் கண்டபடி இருக்கே” என்று, உண்மையான நட்சத்திர வரைபடத்தைக் கணக்குப் பண்ணிச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் என்பவர் நடுவில் ஒரு சூரியனை வைத்து அதற்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். இயந்திரத்தின் சுவிட்சுகளை அழுத்தி அழுத்தி முழங்கை வலித்ததால், கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் கையில் பிடிக்கிற சின்னப் பெட்டிகளைச் செய்தார்கள். இன்றைக்குக் குழந்தைகள் கையில் இருக்கிற கண்ட்ரோலருக்கு அது பாட்டன் முறை.

எதிரணி நண்பர்கள் கேட்பார்கள்: “இதெல்லாம் வேலை வெட்டி இல்லாத வேலைதானே?” அந்தக் கம்ப்யூட்டரை விற்ற கம்பெனி அப்படி நினைக்கவில்லை, ஐயா. தன் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க அது ஸ்பேஸ்வார் ஆட்டத்தையே பயன்படுத்தியது. பையன்கள் ராத்திரியில் எழுதினது, கம்பெனிக்குப் பகலில் பரீட்சைத் தாள் ஆயிற்று!

நடுவர்: அப்போ நம்ம பிள்ளைகளும் பரீட்சை எழுத வேண்டாம், பரீட்சைத் தாளையே எழுதிக் கொடுத்துடலாம்ங்கறீங்க? (சிரிப்பு)

எழுதிக் கொடுத்தால் நல்லதுதானே, ஐயா!

அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். எம்.ஐ.டி.யில் அந்த ஆட்டம் ஓடினது ஒரே கம்ப்யூட்டரில். ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆடலாம். பல பேர், பல இடங்களில் உட்கார்ந்து, ஒரே ஆட்டத்தை ஆடுவது எங்கே வந்தது? இல்லினாய் பல்கலைக்கழகத்தில். டொனால்ட் பிட்சர் என்ற பேராசிரியர் 1960-ல் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் மூலமாகப் பாடம் நடத்துகிற ஏற்பாடு. அதற்குப் பெயர் பிளேட்டோ. 1970-களில் அது பெரிதாக வளர்ந்தது. ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதோடு தொலைபேசிக் கம்பி வழியாக ஊர் ஊராகப் பல நூறு திரைகள். ஆரஞ்சு நிறத்தில் எழுத்து ஒளிரும். தொட்டால் புரிந்துகொள்ளும் திரை. இதெல்லாம் 1972-லேயே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பிளேட்டோவில் எந்தப் புரோகிராம் எழுதினாலும் அதற்குப் பெயர் ‘பாடம்’தான். வேதியியல் எழுதினாலும் பாடம். விண்வெளிச் சண்டை எழுதினாலும் பாடம். “தம்பி, என்னடா பண்றே?” என்று அப்பா கேட்டால், “பாடத்திலே இருக்கேன்ப்பா” என்று கூசாமல் சொல்லலாம். பொய்யே கிடையாது! (பலத்த சிரிப்பு)

1973-ல் ஜான் டலஸ்கி என்ற ஐயோவா மாணவர் ‘எம்பயர்’ என்ற ஆட்டத்தை அதில் எழுதினார். பல பேர், பல இடங்களில் உட்கார்ந்து கிரகங்களைப் பிடிக்கிற ஆட்டம். ஆட்டங்கள் பெருகப் பெருக, பாடம் படிக்க வருகிறவனுக்குத் திரை கிடைக்கவில்லை. நிர்வாகம் என்ன செய்யும்? பகலில் ஆட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. சில ஆட்டங்களைக் கண்டுபிடித்து அழித்தும் விட்டது.

அங்கேதான் ஒரு சுவையான கதை. 1975-ல் ரஸ்டி ரதர்ஃபோர்ட் என்பவர் குகைக்குள் புகுந்து பூதங்களோடு சண்டை போடுகிற ஒரு ஆட்டம் எழுதினார். ‘குகைச் சண்டை’ என்று பெயர் வைத்தால் அன்றைக்கே அழித்துவிடுவார்கள். மக்கள்தொகை, எரிசக்தி ஆராய்ச்சிக்காக ஒதுக்கிய இடங்கள் இருந்தன. பெடிட்-1, பெடிட்-2 என்று வரிசையாகப் பெயர். அதில் ஐந்தாவது இடம் காலியாகக் கிடந்தது. ஆட்டத்தை அங்கே கொண்டு போய் வைத்தார். ஆகவே அந்த ஆட்டத்துக்குப் பெயரே ‘பெடிட்-5’ என்று நிலைத்துவிட்டது. நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. யாரோ நகல் வைத்திருந்தார்கள், திரும்பி வந்தது. மறுபடி அழித்தது. மறுபடி வந்தது. கம்ப்யூட்டரில் குகைக்குள் இறங்கி, சண்டை போட்டு, பலம் சேர்க்கிற ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தவைகளில் அது ஒன்று.

நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எம்.ஐ.டி.யில் “ராத்திரி உன்னுடையது” என்றார்கள். பையன் வெளிச்சத்தில் வைத்து ஆடினான், பத்துப் பேர் வந்து ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். இங்கே “அழி” என்றார்கள். அதே மாதிரிப் பையன் பெயரை மாற்றி ஒளித்து வைத்தான். இரண்டு இடத்திலும் ஆட்டம் நிற்கவில்லை. ஒரு இடத்தில் பையனுக்கும் ஆசிரியருக்கும் நடுவில் பேச்சு இருந்தது. இன்னொரு இடத்தில் கண்ணாமூச்சி இருந்தது. (கைதட்டல்)

சரி, ஒரு பல்கலைக்கழகத்து ஆட்டம் அடுத்த பல்கலைக்கழகத்துக்கு எப்படிப் போயிற்று? ஆர்ப்பாநெட் வழியாக. இன்றைய இணையத்தின் தாய் அது. அந்த நெட்வொர்க்கைக் கட்டியவர்களில் ஒருவர் வில் க்ரௌதர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. மணமுறிவு ஏற்பட்டு, பெண் குழந்தைகளைப் பிரிந்து இருந்த காலத்தில், அந்தக் குழந்தைகள் வரும்போது விளையாடுவதற்காக, 1976 வாக்கில் ‘அட்வெஞ்சர்’ என்ற ஆட்டத்தை எழுதினார். படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். “வடக்கே போ” என்று அடித்தால் வடக்கே போகும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டான் வுட்ஸ் என்ற மாணவர் கையில் அது கிடைத்தது. மேலும் வளர்க்க ஆசை. எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். க்ரௌதர் என்று பெயர் தெரிகிறது. எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. என்ன செய்தார்? நெட்வொர்க்கில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ‘க்ரௌதர்’ என்று பெயர் போட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் ஒன்று போய்ச் சேர்ந்தது! மாப்பிள்ளை வீடு தெரியாமல் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டின மாதிரி. அனுமதி கிடைத்தது. 1977-ல் வளர்ந்த ஆட்டம் நெட்வொர்க் முழுக்கப் பரவியது. அதனால் கம்ப்யூட்டர் தொழிலே இரண்டு வாரம் பின்தங்கிப் போயிற்று என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

எதிரணி: பாருங்க, அவரே ஒத்துக்கிட்டார்!

ஒத்துக்கறேன். இன்னும் ஒத்துக்கிறேன், எழுதிக்கோங்க. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம். 1978-ல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், பல பேர் சேர்ந்து நடமாடுகிற ஒரு எழுத்து உலகத்தை உண்டாக்கினார். 1980-ல் ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர் அதைக் கையில் எடுத்து முடித்தார். அதற்குப் பெயர் ‘மட்’. பல பேர் நுழைகிற பாதாளம் என்று அர்த்தம். ஆர்ப்பாநெட்டோடு தொடர்பு வந்ததும் அமெரிக்காவிலிருந்தும் உள்ளே வர வழி பிறந்தது. தொலைபேசி வழியாக வெளியாட்களும் வந்தார்கள். பல்கலைக்கழகம் போட்ட கட்டுப்பாடு என்ன? பகலில் கிடையாது. வெளியாட்களுக்கு நடுராத்திரி தாண்டின நேரம்தான். பல்கலைக்கழகத்து வேலை எல்லாம் ஓய்ந்து, இயந்திரம் சும்மா கிடக்கிற நேரம்.

இந்த ஆட்டம் பல கல்லூரிகளுக்குப் பரவினபோது, மாணவர்களே ‘மட்’ என்ற சுருக்கத்துக்கு வேறு விரிவு சொன்னார்கள்: “இளங்கலை மாணவர்களைக் கூட்டமாக ஒழித்துக் கட்டுகிற இயந்திரம்” என்று! (சிரிப்பு) எதிரணி இதையும் எழுதிக்கொள்ளலாம். ஏனென்றால் அது வெறும் கேலி இல்லை. வகுப்புக்குப் போகாமல், பரீட்சையைக் கோட்டை விட்டு, பட்டம் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பின பிள்ளைகள் உண்டு. அதை மறைத்துவிட்டு என் கட்சியை நான் ஜெயிக்க வேண்டாம்.

ஆனால் அந்த நிலத்தில் முளைத்ததையும் பார்க்க வேண்டாமா? வேல்ஸ் நாட்டில் அபெரிஸ்ட்வித் என்று ஒரு ஊர். அங்கே மாணவராக இருந்த ஆலன் காக்ஸ் 1987-ல் ‘அபெர்மட்’ என்று அதே மாதிரி ஓர் ஆட்டம் எழுதினார். எங்கெங்கோ இருந்து பல பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஒரு கம்ப்யூட்டர் எப்படிச் சமாளிக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் உயிர். அதே ஆலன் காக்ஸ் பிற்பாடு எதில் பெயர் வாங்கினார்? ‘லினக்ஸ்’ என்ற இயங்குதளத்தில், அதிலும் முக்கியமாக அதன் நெட்வொர்க் பகுதியில் வேலை செய்து பெயர் வாங்கினார். லினக்ஸ் எங்கே இருக்கிறது? ஆண்ட்ராய்டு போனின் அடி வயிற்றில் இருக்கிறது. முன் வரிசையில் அந்தத் தம்பி மறைத்து வைத்தானே, அந்தப் போனிலேயே இருக்கும்! (பலத்த கைதட்டல்)

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் ‘டைனிமட்’ எழுதிய மாணவர் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ். பிற்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பேராசிரியர் ஆனார். எஸ்ஸெக்ஸின் பார்ட்டில், விளையாடுகிறவர்களில் எத்தனை வகை என்று ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டங்களை வடிவமைக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இவர்களை எல்லாம் “வீண்பொழுது” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியுமா?

இப்போது எதிரணியின் கையில் இருக்கிற பெரிய கல்லை நானே எடுத்துப் போடுகிறேன். 1993, டிசம்பர் 10. ‘டூம்’ என்ற ஆட்டம் வெளிவந்த நாள். அதை எழுதிய ஐடி சாஃப்ட்வேர் கம்பெனி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் ஏற்றி ஊருக்கு விநியோகம் பண்ண ஏற்பாடு. ஆனால் காத்திருந்த ரசிகர்களே உள்ளே நிறைந்துவிட்டதால், ஆட்டத்தை எழுதியவர்களாலேயே நுழைய முடியவில்லை. பந்தி நிறைஞ்சு போச்சு, மாப்பிள்ளை வாசல்லே நிக்கிறார்! (சிரிப்பு) நிர்வாகி இடத்தைக் கூட்டிக் கொடுத்து, ஒரு வழியாக ஏற்றினார்கள். ஏற்றின உடனே கூட்டம் தாங்காமல் கம்ப்யூட்டரே விழுந்துவிட்டது.

அடுத்தது அதைவிடப் பெரிய வம்பு. நாலு பேர் சேர்ந்து நெட்வொர்க்கில் ஆடலாம் அல்லவா? முதல் பதிப்பில் ஒரு கோளாறு. உங்கள் தெருவில் நாலு பேர் தங்களுக்குள் சீட்டு ஆடுகிறார்கள். “நான் ராணியை இறக்கிட்டேன்” என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதற்குப் பதில், கோயில் ஒலிபெருக்கியில் சொன்னால் எப்படி இருக்கும்? தெரு முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு வீட்டிலும், “இது நமக்கா?” என்று ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திக் கேட்க வேண்டும். டூம் அதைத்தான் செய்தது. நாலு பேர் ஆடினால், அந்த நெட்வொர்க்கில் இருந்த அத்தனை கம்ப்யூட்டருக்கும் சேதி போனது. பல்கலைக்கழகங்களில் நெட்வொர்க் திணறியது. ஆட்டம் வெளிவந்த வேகத்திலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகம், “தயவு செய்து நெட்வொர்க்கில் டூம் ஆடாதீர்கள்” என்று அறிவிப்புப் போட்டது.

அந்தத் தடை நியாயமா? நூற்றுக்கு நூறு நியாயம்! ஆராய்ச்சி எழுதுகிறவன் வேலை நின்று போகிறது. எவனோ பூதத்தைச் சுடுவதற்காக இவன் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆனால் என்ன நடந்தது பாருங்கள். கம்பெனி அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே அந்தக் கோளாறைத் திருத்திவிட்டது. ஒலிபெருக்கியை நிறுத்தி, காதோடு காதாகச் சொல்ல வைத்தது. நோய் எது என்று சரியாகச் சொன்னார்கள்; மருந்தும் கிடைத்தது.

நடுவர் அவர்களே, இப்போது நம்ம நாட்டுக்கு வருகிறேன். 2007-ல் மும்பை ஐ.ஐ.டி., மாணவர் விடுதிகளில் இரவு நேர இணையத்தைத் துண்டித்தது. காரணம் என்ன சொன்னார்கள்? ராத்திரி முழுக்க இணையத்தில் கிடக்கிறார்கள். படிப்பு கெடுகிறது, மைதானம் காலியாகக் கிடக்கிறது, இரண்டு அறை தள்ளி யார் இருக்கிறார் என்றுகூட ஒரு மாணவனுக்குத் தெரியவில்லை என்றார்கள்.

எஸ்ஸெக்ஸில் ராத்திரி கதவைத் திறந்தார்கள். மும்பையில் ராத்திரி கதவைச் சாத்தினார்கள். இரண்டும் பல்கலைக்கழகம்தான். இரண்டும் கடிகாரத்தைப் பார்த்துப் போட்ட சட்டம்தான். ஏன் இப்படி நேர் எதிராக இருக்கிறது?

இதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே. அந்தக் காலத்தில் அருமையான பொருள் எது? இயந்திரம். 1,20,000 டாலர் இயந்திரத்தின் ஒரு நிமிஷம் விலை மதிப்பில்லாதது. பையனுடைய நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை. அதனால், “இயந்திரம் தூங்குற நேரத்திலே நீ முழிச்சிரு” என்றார்கள். இன்றைக்கு இயந்திரம் மலிந்துவிட்டது. அருமையாகிப் போனது பையனுடைய தூக்கம், அவன் கவனம், அவன் பக்கத்து அறை நண்பன். அதனால், “இயந்திரம் முழிச்சிருந்தாலும் நீ தூங்கு” என்கிறார்கள். சட்டம் அதே மாதிரிதான் இருக்கிறது. காவல் காக்கிற பொருள் மாறிவிட்டது. (கைதட்டல்)

ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் பூட்டுப் போட்டாலும், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போடட்டும்: “நீங்கள் எதைக் காக்கப் பூட்டுகிறீர்கள்?” நெட்வொர்க்கைக் காக்கவா? அப்போது அளவு வையுங்கள். பாடத்துக்கு முதல் வழி விடுங்கள். ஆட்டத்துக்கு மிச்சத்தைக் கொடுங்கள். மாணவனின் தூக்கத்தைக் காக்கவா? அப்போது நேரம் வையுங்கள். காரணத்தை அவனிடமே சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல், “விளையாட்டு என்றாலே கெட்டது” என்று மொத்தமாகப் பூட்டினால் என்ன ஆகும்? பெடிட்-5 ஆகும். பெயர் மாறி, வேஷம் மாறி, வேறு வாசல் வழியாக வரும். அன்றைக்குக் காலியான இடத்தில் ஒளித்தான். இன்றைக்கு ‘வி.பி.என்.’ என்று சுரங்கம் தோண்டுகிறான். காவல்காரன் மாறலாம்; கண்ணாமூச்சி மாறவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் மாநிலத்தில் 1970-களில் ஆட்டத்தைத் தேடித் தேடி அழித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதே மாநிலத்தில் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது; 2020-ல் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. 2014-ல் அந்த ராபர்ட் மோரிஸ் என்ன செய்தது தெரியுமா? ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்ற நெட்வொர்க் ஆட்டத்தை நன்றாக ஆடுகிற மாணவர்களுக்குப் படிப்பு உதவித்தொகையே அறிவித்தது! தாத்தா திட்டின காரியத்துக்குப் பேரன் சம்பளம் வாங்குகிறான். (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக, அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

அம்மா, எதிரணித் தலைவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: “எல்லாரும் ஸ்டீவ் ரஸ்ஸல் ஆயிட முடியுமா?” ஆக முடியாது அம்மா. உண்மை அதுதான். ஆட்டத்தை எழுதினவர் ஒருவர். ஆடினவர் ஆயிரம் பேர். விதைநெல்லுக்கு ஒரு குணம் உண்டு. விதைத்தால் களஞ்சியம் நிறையும். பொங்கித் தின்றால் ஒரு வேளையோடு தீர்ந்து போகும். அடுத்த வருஷம் நிலம் தரிசு. பட்டம் வாங்காமல் திரும்பின பிள்ளைகள் விதைநெல்லைப் பொங்கித் தின்றவர்கள். அவர்களுக்காக நானும் வருத்தப்படுகிறேன்.

ஆனால் அதற்காக விதைநெல்லைக் குதிரில் போட்டு ஆயுசுக்கும் பூட்டி வைக்கிற விவசாயி உண்டா? எந்த மணி முளைக்கும், எந்த மணி பதராகும் என்று அவனுக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாமல்தான் விதைக்கிறான். ஆனால் கண்ட நேரத்தில் விதைப்பதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறான். பட்டம் என்றால் பருவம், அதாவது நேரம்! ஜாக் டென்னிஸ் செய்ததும் அதுதான். கதவைத் திறந்தும் விட்டார். நேரத்தையும் குறித்துக் கொடுத்தார்.

அதனால் அம்மா, இன்றைக்கு வீட்டுக்குப் போய் “போனைக் கொடுடா” என்று பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, “இது எப்படிடா ஓடுது?” என்று ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லத் தெரிந்தால், அவன் கையில் இருப்பது விதை. தெரியவில்லை என்றால், “தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு வந்து சொல்லு, இப்போ போய்த் தூங்கு” என்று சொல்லுங்க. அங்கே ஒரு ஆசிரியர் பிறக்கிறார். அங்கேயே ஒரு நேரமும் பிறக்கிறது.

பூட்டைக் கண்டுபிடித்தது பல்கலைக்கழகம் இல்லை. சாவியைக் கண்டுபிடித்தது மாணவனும் இல்லை. ஆனால் பூட்டும் சாவியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசின இடத்தில்தான் விளைச்சல் கண்டிருக்கிறது. ஆகவே, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் மாணவர்கள் ஆடிய ஆட்டம், பட்டம் பார்த்து விதைத்தவரைக்கும் விதைநெல்லே, விதைநெல்லே என்று கூறி, நல்லதொரு தீர்ப்பை நடுவர் அவர்களிடம் எதிர்பார்த்து அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)